மணலும் ஓலையும்: திண்ணைப் பள்ளியின் எழுத்துப் பயிற்சி

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் எழுத்துப் பயிற்சி மணலில் தொடங்கியது. ஆசிரியர் எழுத்தை உரக்கச் சொல்ல, பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே விரலால் மணலில் எழுதி, பிழைத்தால் அழித்து மீண்டும் எழுதியதால், ஒலியும் வடிவும் ஒருசேர மனத்தில் பதிந்தன. அதனால் எழுதும் திறன் அங்கே கைக்கு மட்டும் உரியதாக இராமல், செவிக்கும் நினைவுக்கும் உரியதாக வளர்ந்தது.

மணலில் கை திருந்திய பின்னரே பனையோலை தரப்பட்டது. ஓலையில் எழுதுவது உண்மையில் கீறுவதே ஆகும். எழுத்தாணி என்னும் கூர்முனை இரும்புக் கருவியால் கீறிய பின், எழுத்து தெளிவாகத் தெரியும்படி கரியும் இலைச்சாறும் பூசினர்; இதற்கு மையாடல் என்று பெயர். கீறியதை மணலைப் போல அழித்துவிட இயலாது. ஆகவே எழுதுபவர் தொடரை மனத்தில் முழுமையாக அமைத்துக்கொண்ட பிறகே எழுத்தாணியை ஊன்ற வேண்டியிருந்தது. இக்காலப் பயிற்சி இழந்துவிட்ட பெரும் நன்மை இதுவே எனலாம். ஓலை கிழியாதிருக்கப் பெரும்பாலும் புள்ளி இடப்படாததால், மெய்யெழுத்து எது, எகர ஒகரங்களில் குறில் எது, நெடில் எது என்பதைப் பொருள் நோக்கியே உணர வேண்டியிருந்தது. எனவே ஓர் ஏட்டைப் பார்த்துப் பெயர்த்தெழுதுபவருக்கு மொழியறிவும் இன்றியமையாததாயிற்று. எகர ஒகரக் குழப்பத்தைத் தீர்க்கும் வரிவடிவ மாற்றம் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவரின் பெயரோடு இணைத்துப் பேசப்படுகிறது.

சட்டாம்பிள்ளை எனப்பட்ட மூத்த மாணவர் இளையவர்களுக்கு எழுதக் கற்பித்து, அவர்கள் எழுதியதைத் திருத்துவதும் இப்பள்ளிகளின் வழக்கமாக இருந்தது. தாம் கற்றதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது சட்டாம்பிள்ளையின் எழுத்தும் திருந்தியது. 1789இல் சென்னை எழும்பூர் ஆண்பிள்ளைகள் ஆதரவு இல்லத்தின் கண்காணிப்பாளரான ஆண்ட்ரூ பெல், உள்நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, தம் இல்லத்திலும் அம்முறையைப் புகுத்த முயன்றார். அங்கிருந்த ஆசிரியர்கள் இணங்காதபோது, மாணவன் ஒருவனையே ஆசிரியனாக்கினார். அந்த அனுபவத்தை அவர் 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். பின்னர் மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் அம்முறை இங்கிலாந்தில் ‘மதராஸ் முறை’ என்ற பெயரிலேயே பரவியது. அந்நாட்டு ஏழைப் பிள்ளைகள் பலர் தம் முதல் எழுத்துகளை மணல் தட்டில் எழுதிப் பழகினர்.