ஆவணமும் எளியோர் வழக்கும்

திண்டிவனத்தினின்று மரக்காணம் நோக்கிக் கிழக்கே செல்வார்க்குப் பெருமுக்கல் மலை புலப்படும். அம்மலைக் கோயிலிற் சோழர் காலக் கல்வெட்டுகள் உள. கொடையைக் கல்லிற் பொறித்ததன் நோக்கம், பிற்காலத்தார் அதனை மறுத்தல் கூடாது என்பதேயாம். கோயிற்குக் கல் வாய்த்தது. எளியோர்க்கு ஓலையே வாய்த்தது. ஓலையோ கிழியும், தொலையும். ஆதலின், எளியோர்க்கும் முதியோர்க்கும் உரிய சட்ட உதவியின் வரலாற்றை ஆவணத்தின் வழிநின்று ஈண்டு ஆராய்வாம்.

இம்மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரில் நிகழ்ந்ததாகச் சேக்கிழார் கூறும் வழக்கு யாவரும் அறிந்ததே. வாதி, துணையிலா முதியவர் வடிவில் வந்த இறைவன். அவர் காட்டிய ஓலையை எதிரியாகிய நம்பியாரூரர் பறித்துக் கிழித்தார். கிழிந்தது படியே என்றும், மூல ஓலை தம்மிடம் உளது என்றும் முதியவர் அவையில் உரைத்தார். அவையோர் அதற்குத் தீங்கு நேராது காப்பதாக உறுதி கூறினர். கரணத்தானைக் கொண்டு படிப்பித்தனர். காப்பிலிருந்த வேறோர் ஓலையை வருவித்துக் கையெழுத்தை ஒப்புநோக்கினர். பக்திச் சுவைக்கு அப்பால் ஈண்டு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஆவணத்தைக் காத்தலும் மெய்ம்மை தேர்தலும் அவையின் கடமையாயின. முதியவர் அதற்கெனப் பொருள் செலவிட்டதாகக் காப்பியம் கூறவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் நிலை வேறாயிற்று. வழக்குத் தொடுக்க நீதிமன்றக் கட்டணம் வேண்டப்பட்டது. 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 33-ஆம் கட்டளை, வறியோர் கட்டணமின்றி வழக்காட இடந்தந்தது. ஆயினும், வறியவன் முதற்கண் தன் வறுமையை மெய்ப்பித்தல் வேண்டும். தோற்பின் கட்டணத்தைச் செலுத்தல் வேண்டும். அத்தகையோர்க்கு வழக்கறிஞரை நீதிமன்றமே அமர்த்தித்தரும் விதி 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தினால்தான் வந்தது. இலவசச் சட்ட உதவியை அரசின் நெறியாக்கிய 39அ உறுப்பும் அவ்வாண்டு 42-ஆம் திருத்தத்தினால் அரசியலமைப்பில் இடம்பெற்றது.

1987-இல் இயற்றப்பெற்று 1995 நவம்பர் 9-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் பெருமாற்றம் விளைத்தது. வருமானம் குறித்து ஒருவர் அளிக்கும் உறுதிமொழிப் பத்திரமே, ஐயுறக் காரணம் இல்லாவழி, போதுமானது என்றது அதன் 13-ஆம் பிரிவு. பெண்டிர்க்கும், பட்டியல் சாதியினர்க்கும், பழங்குடியினர்க்கும் வருமான வரம்பே இல்லை. வறியவன் சொல்லை நம்பும் மரபு இவ்வாறு மீண்டது எனலாம்.

முதியோர் பொருட்டு 2007-இல் எழுந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மேலும் ஒருபடி சென்றது. பராமரிப்பதாகிய நிபந்தனையோடு எழுதித்தந்த சொத்தை, அந்நிபந்தனை தவறியவழி, தீர்ப்பாயம் மீட்டளிக்கலாம் என்கிறது அதன் 23-ஆம் பிரிவு. ஆயின் நிபந்தனை இருந்தமை நிறுவப்பட வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2022-இல் கூறியது. 2025-இல் அந்நீதிமன்றமே இச்சட்டத்தை முதியோர் நலம் நோக்கித் தாராளமாகப் பொருள்கொள்ளுமாறு பணித்தது. எனினும் அவ்வழக்கிலும் மகன் எழுதித்தந்த உறுதிமொழி சான்றாக இருந்தது. ஆகவே வழக்கு மீண்டும் ஓலையிடமே வந்து நிற்கின்றது.

மழை பெய்தால் வேலை நின்றுபோகும் உப்பளக் கூலியாளர் ஒருவர், முதுமையில் தம் ஒரே மனையை மகன் பெயர்க்கு எழுதுகின்றார் எனக் கொள்வோம். சோறிடுவான் என்பது வாய்ச்சொல்லாக நின்று, பத்திரத்தில் அவ்வொருவரி இல்லையேல், பின்னர் அமர்த்தும் வழக்கறிஞர் இலவசமாயினும் பயன் குன்றும். சட்டப்பணி என்பது வழக்காடுதல் மட்டுமன்று, சட்டப் பொருள் எதுபற்றியும் அறிவுரை வழங்குதலும் ஆம் என 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்துள்ளது. பத்திரம் எழுதுமுன்னரே வட்டச் சட்டப்பணிகள் குழுவை நாடும் உரிமை இதனுள் அடங்கும். வெண்ணெய்நல்லூர் முதியவரை வெல்வித்தது மூல ஓலை. எளியோர்க்குரிய உதவி நீதிமன்ற வாயிலிலன்று, ஓலை எழுதும் இடத்திலேயே தொடங்குதல் வேண்டும் என்பது எம் துணிபு.