மூளையைத் தேடி – 14: கால்களைத் தின்ற பருப்பு

நரம்பியல் விஞ்ஞானி விஜயலட்சுமி ரவீந்திரநாத் பெங்களூரு நிம்ஹான்ஸை விட்டு, அரியானா மனேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தை எழுப்பிய கதைக்கு இந்த வாரம் நாள் குறித்திருந்தேன். அதற்கு முன் ஒரு பருப்பின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

கேசரிப் பருப்பு. செவ்வாப்பேட்டையிலோ திருவள்ளூரிலோ கேட்டால், துவரம்பருப்பில் கலப்படம் செய்கிற சாமான் என்பார்கள்.

வழிப்பறிக் கொலைகாரர்களான தக்கர்களை வேட்டையாடிய ஸ்லீமன் துரையைத் தெரியும்தானே? அந்த வேட்டையைவிட, மத்திய இந்தியாவின் சாகர் வட்டாரக் கிராமங்களைப் பற்றி அவர் எழுதிவைத்த சில வரிகளுக்காகவே அவரை மதிக்கிறேன். 1829இல் ஆலங்கட்டி மழை, மறுவருஷம் மழையில்லை, 1831இல் பயிர்நோய். மூன்று போகமும் கோதுமை போயிற்று. கேசரி மட்டும் தாக்குப்பிடித்தது. ஜனங்கள் அதையே தின்றார்கள். 1833இல் முப்பது வயதுக்குட்பட்டவர்களுக்கு இடுப்புக்குக் கீழே விளங்காமல் போகத் தொடங்கியது.

அதன்பின் நூறு வருஷம் கழித்தும் ரேவா பக்கத்துப் பண்ணையார்கள், தடியூன்றி நடக்கும் ஆட்களைப் பார்த்துக்கொண்டே, கொத்தடிமைகளுக்கு இதே பருப்பைக் கூலியாக அளந்தார்கள். இந்த வரலாற்றின் வில்லன்கள் அவர்கள்தான். பருப்பு பாவம், பஞ்சத்தில் சோறு போட்டது.

1961இல் விற்பனைக்குத் தடை வந்தது. 1964இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பி.எஸ். சர்மாவின் குழு ஓடாப் என்ற நஞ்சைப் பிரித்தெடுத்தது. ஆனால் கால்களை மட்டும் ஏன் பிடிக்கிறது? பெண்களைவிட ஆண்களை ஏன் அதிகம் தாக்குகிறது?

சென்னையில் பிறந்த விஜயலட்சுமி, மருந்துகளை உருமாற்றும் பி450 நொதிகள் மனித மூளைக்குள்ளேயே வேலை செய்வதைக் காட்டி, 1996இல் பட்நாகர் விருது பெற்றவர். அவருடைய குழு எலிகளுக்கு ஓடாப் கொடுத்துப் பார்த்தது. மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் உற்பத்தியின் முதல் கண்ணியான காம்ப்ளெக்ஸ் 1, மூளையின் இயக்கப் புறணியிலும் தண்டுவடத்தின் இடுப்புப் பகுதியிலும் செயலிழந்தது. ஸ்லீமன் பார்த்த அதே இடுப்பு! 1998இல் அந்த ஆய்வு வெளிவந்தது. பெண் எலிகள் தப்பித்தன. ஈஸ்ட்ரோஜன் தயவில் அவற்றிடம் குளூட்டாரெடாக்ஸின் என்ற காவல் புரதம் கூடுதலாக இருந்தது; அதைக் குறைத்ததும் அவற்றின் மைட்டோகாண்ட்ரியாவும் பழுதடைந்தன.

சாகர் கிராமத்து இளைஞர்களுக்கு என்ன ஆனது என்பதற்கு விடை கிடைக்க 165 வருஷம் ஆயிற்று. விடை நம் நாட்டு ஆய்வுக்கூடத்திலிருந்தே வந்தது.

மனேசர் அடுத்த வாரம், கட்டாயம்.