இராஜபாளையம்

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தெற்கே அமைந்த ஆலை நகரம். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 1.3 லட்சம். விஜயநகரக் காலத்தில் தெற்கே வந்த தெலுங்கு பேசும் ராஜுக்களின் பெயரால் அமைந்தது.

நகரின் போக்கை மாற்றியது பஞ்சு. இங்கிலாந்தின் மான்செஸ்டர் கடல் கடந்து வந்த பஞ்சை நம்பி வளர்ந்தது. இராஜபாளையத்துக்கோ கிழக்கே உள்ள கரிசல் காடே பருத்தியை விளைவித்துத் தந்தது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் இராஜபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் வந்த ராம்கோ சிமெண்ட் உள்ளிட்ட தொழில்களுக்கு வேர் இந்த நூற்பாலையே. பக்கத்துச் சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் பேண்டேஜ் துணி நெய்கின்றன. மருத்துவமனைகளில் காயம் கட்டும் அந்த மெல்லிய துணிக்குப் பின்னால் இவ்வூர் நெசவாளர்களின் உழைப்பு இருப்பது இன்னும் பரவலாக அறியப்பட வேண்டியது.

1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசுவாமி ராஜா இவ்வூர்க்காரர். பின்னாளில் ஒடிசா ஆளுநர். தம் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கு அளித்தவர். பதவியில் இருந்தோரிடம் அரிதான கொடை இது.

மாம்பழத்துக்கும் பெயர் பெற்ற ஊர். வெள்ளை நிற இராஜபாளையம் நாய்க்கு 2005இல் அஞ்சல்தலை வெளியானது. அய்யனார் கோயில் ஆறு மலையிலிருந்து இறங்கி நகரின் குடிநீருக்கு உதவுகிறது. அந்த ஆறு இறங்கிவரும் மலைக்காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது.