என்பின் அடர்த்தியை அளந்த வரலாறு

ஜொகூரில், சாஆவைச் சூழ்ந்த பகுதி உட்பட, ரப்பர்த் தோட்டங்கள் மலிந்திருந்த காலத்தில், வெட்டுக்காரர் கொணர்ந்த பாலை நிறுத்துப் பார்ப்பதோடு தோட்டத்தார் நின்றுவிடவில்லை. பாலுக்கும் எடை உண்டு. அதில் கலந்த மழைநீருக்கும் எடை உண்டு. ஆகவே மிதவைக் கருவியை அமிழ்த்தி, காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்றும் கணித்தனர். கலந்திருப்பவை இரண்டாயின் ஓர் அளவு போதாது. முதுகெலும்பின் அடர்த்தியை அளக்கப் புகுந்த விஞ்ஞானிகளை மலைக்க வைத்ததும் இதே இடர்ப்பாடுதான்.

வள்ளுவர் 'என்பு' என வழங்கிய எலும்பு, தன் சுண்ணச்சத்தில் நூற்றுக்கு 30 பங்கு இழந்த பின்னரே சாதாரண எக்ஸ்ரே படத்தில் அவ்விழப்பைத் தெளிவாகக் காட்டும். 1963இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக் கேமரனும் சோரன்சனும், அயோடின்-125 தரும் மெல்லிய கதிரை முன்கையூடே செலுத்தி, எலும்பு தடுக்கும் அளவை எண்ணால் கூறும் முறையை வெளியிட்டனர். கையைச் சுற்றித் தசைக்கு ஒப்பான பொருளை வைத்துக் கனத்தை ஒருசீராக்கலாம். முதுகிற்கு அது இயலுமோ? முன்னே குடலும் கொழுப்பும் ஆளுக்கு ஆள் வேறுபடும். எனவே, ஆற்றல் வேறுபட்ட இரு கதிர்களைச் செலுத்தி எலும்பையும் தசையையும் பிரித்தறியும் வழி பிறந்தது. அதற்குதவிய கடோலினியம்-153 ஏறத்தாழ எட்டு மாதத்தில் பாதி வலிமை இழக்கும். மூலம் தேயத் தேய அளவும் தடுமாறும். 1987இல் எக்ஸ்ரே குழாய் பொருத்திய யந்திரம் விற்பனைக்கு வந்து இக்குறையைப் போக்கியது.

சி.டி. படத்தாலும் முதுகெலும்பை அளப்பதுண்டு. உடலைத் துண்டமாகக் காட்டும் அப்படத்தை விரைந்து கணிக்கும் வழியொன்றை 1971இல் வெளியிட்டவர்கள் ஜி. என். இராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் ஆவர். எலும்புக்கு அடித்தளமான கொலாஜன் புரதத்தின் அமைப்பைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முன்னரே ஆராய்ந்தவர் இவ்விராமச்சந்திரனே. இப்பெருமை நம் பாடநூல்களில் போதிய இடம் பெறவில்லை.

யந்திரம் திருந்தியும் பிழை அறவே ஒழியவில்லை. எப்போதும் ஒரு குன்றிமணி குறைத்தே காட்டும் தட்டான் தராசு, மாறாமல் காட்டும். ஆனால் சரியாகக் காட்டாது. இவ்விரண்டும் வேறு வேறு. எலும்பளவில், மாறாமையைச் சோதிக்க ஒரு முறை உண்டு. 15 பேரை மும்முறையோ 30 பேரை இருமுறையோ, ஒவ்வொரு தடவையும் மேசையிலிருந்து இறக்கி, மீண்டும் கிடத்தி அளந்து, அந்நிலையத்தின் பிழையைக் கணிப்பர். அதை 2.77ஆல் பெருக்கிய தொகைக்கு மேற்பட்ட மாற்றமே, நூற்றுக்கு 95 பங்கு உறுதியுடன், உண்மை மாற்றமாகக் கொள்ளப்படும்.

சாஆவிலிருந்து பட்டணத்து மருத்துவமனைக்குச் செல்லும் ஒரு மூதாட்டிக்குச் சென்ற ஆண்டு 0.800, இவ்வாண்டு 0.784 என வந்ததாகக் கொள்வோம். குறைவு நூற்றுக்கு 2. நிலையத்தின் பிழை நூற்றுக்கு 1 எனில், எல்லை 2.77. ஆகவே எலும்பு தேய்ந்ததென்றோ, உண்ட மருந்து பலிக்கவில்லையென்றோ கூற இவ்வெண் சான்றாகாது. அம்மையார் சற்றுத் திரும்பிப் படுத்திருந்தாலும் இவ்வளவு வேறுபாடு வரலாம். வேறு யந்திரத்தில் அளந்திருந்தால் இரண்டையும் ஒப்பிடுவதே தகாது. முதுமையில் முதுகெலும்பின் விளிம்பில் முளைக்கும் எலும்புமுள்ளோ எண்ணை உயர்த்திக் காட்டும். அவ்வெலும்பை விலக்கி, எஞ்சியவற்றைக் கொண்டே கணக்கிடுவர்.