பாஸ்க் என்ற குதிரையும் ஒரு லாயக்காரரின் பிடியும்

நான் படித்ததெல்லாம் பிரெஞ்சு வழியில் என்பது இங்கே வழக்கமாக வந்து படிக்கும் அன்பர்களுக்குத் தெரியும். அந்தப் படிப்பால் உத்தியோகத்தில் கிடைத்த பலன் கொஞ்சம்தான். ஆனால் எந்த ஊர்ப் பெயரைப் பார்த்தாலும் அதற்குள் ஒரு பிரெஞ்சுச் சொல் ஒளிந்திருக்கிறதா என்று தேடும் பழக்கம் மட்டும் இந்த வயதிலும் போகவில்லை. இந்தக் குதிரையின் கதைக்குள் நான் நுழைந்ததும் அப்படித்தான்.

நம் புதுவை இருதய ஆண்டவர் கோயிலில் புனிதர்களின் உருவம் தீட்டிய வண்ணக் கண்ணாடிகளைப் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சில் அதற்கு 'வித்ராய்' என்று பெயர். சாதாரணமாகக் கண்ணாடி பதிக்கும் வேலை 'வித்ராழ்'. போலந்துக்காரர்கள் இந்த இரண்டாவது சொல்லை எடுத்துக்கொண்டு, 'வித்ராஷ்' என்று உச்சரித்து, கோயிலின் வண்ணக் கண்ணாடிக்கே பெயராக வைத்துவிட்டார்கள். 1938இல் அங்கே யானோவ் பொட்லாஸ்கி என்ற ஊரில் பிறந்த ஓர் அரேபியக் குதிரைக் குட்டிக்கும் அதே பெயரை வைத்தார்கள்.

யானோவ், 1817இல் தொடங்கிய அரசுக் குதிரைப் பண்ணை. வித்ராஷின் தகப்பன் ஒஃபீர். ஒஃபீரின் தகப்பன் குஹைலான் ஹைஃபி, 1931இல் அரேபியப் பாலைவனத்திலிருந்து விலைக்கு வாங்கி வரப்பட்டது. குதிரைகளுக்கும் நம் பிறப்புப் பதிவேடு போல ஒரு பதிவேடு உண்டு. தாய், தகப்பன், நிறம், நெற்றிச் சுட்டி, பிறந்த தேதி எல்லாம் அதில் வரிசையாக ஏறும். பல ஆண்டுகள் பிறப்புப் பதிவேட்டோடு காலம் தள்ளியவன் என்பதால், இந்த வம்சாவளியைக் கண்டதும் எனக்குச் சொந்த ஊருக்கு வந்தது போல இருந்தது.

வித்ராஷுக்கு ஒரு வயது நிரம்பியபோது உலகப் போர் மூண்டது. 1939இல் ரஷ்யப் படை யானோவின் பெரும்பாலான குதிரைகளை ஓட்டிக்கொண்டு போனது. ஒஃபீரும் அதில் போயிற்று. மிஞ்சியவற்றை வைத்து ஜெர்மானியர் பண்ணையை நடத்தினார்கள். 1944இல் ரஷ்யப் படை மீண்டும் நெருங்கவே, குதிரைகளை மேற்கே ஓட்டிப் போக உத்தரவு வந்தது. போலந்து லாயக்காரர்களும் தங்கள் குதிரைகளை விடாமல் கூடவே நடந்தார்கள்.

1945 பிப்ரவரி 13 இரவு, பொலிகுதிரைகளின் அணி டிரெஸ்டன் நகருக்குள் இருந்தது. அன்றிரவும் மறுநாளும் அந்த நகரின் மீது குண்டு மழை. ஏறக்குறைய 25,000 மனிதர்கள் மாண்டார்கள். குதிரைகள் மிரண்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு நெருப்புக்குள் ஓடின. பல செத்தன, பல காணாமல் போயின. யான் ஜினியேவிச் என்ற லாயக்காரர் இரண்டு குதிரைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒன்று வீல்கி ஷ்லெம், மற்றது வித்ராஷ். இரண்டும் ஒஃபீரின் பிள்ளைகள். குண்டு விழுந்துகொண்டிருந்த நேரம் முழுவதும் அந்த மனிதர் இரண்டு கயிற்றையும் விடவில்லை.

மிரண்ட ஒரு மாட்டைப் பிடித்து நிறுத்திப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். இங்கே இரண்டு பொலிகுதிரைகள், சுற்றிலும் தீ. தம் உயிருக்காகக் கயிற்றை விட்டிருந்தால் ஒருவரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது.

போர் முடிந்த மறு வருடம், 1946இல், பிழைத்த குதிரைகள் போலந்துக்குத் திரும்பின. வித்ராஷுக்கு அல்பிகோவா பண்ணையில் பலலைக்கா என்ற பெட்டைக் குதிரையோடு பிறந்ததுதான் பாஸ்க். வருடம் 1956. தாயின் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறதோ அதே எழுத்தில் குட்டிக்கும் பெயர் வைப்பது போலந்து வழக்கம். 'பாஸ்க்' என்றால் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையிலான மலை நாட்டு மனிதன் என்று பொருள். செம்பழுப்பு உடம்பு, கறுப்புப் பிடரி, கறுப்பு வால். போலந்தில் சில காலம் பந்தயத்திலும் ஓடியது.

1963இல் அமெரிக்காவின் அரிசோனாவைச் சேர்ந்த யூஜின் லாக்குருவா என்பவர் பாஸ்க்கை வாங்கினார். குடும்பப் பெயர் பிரெஞ்சுதான். 'சிலுவை' என்று அர்த்தம். மறு வருடமே, 1964இல், பாஸ்க் அமெரிக்க தேசிய சாம்பியன் பொலிகுதிரை ஆனது. இது அழகுப் போட்டி. குதிரையைக் கையில் பிடித்து நிறுத்துவார்கள். முகத்தின் குழிவு, கண், கழுத்து வளைவு, முதுகு, கால்களின் நேர்த்தி, நடை எல்லாவற்றையும் நடுவர் சுற்றி வந்து பார்ப்பார்.

நிறுத்தி வைத்தால் அழகாக இருக்கும், வேலைக்கு ஆகாது என்று சிலரைப் பற்றிச் சொல்வோமே, அந்தப் பேச்சு இந்தக் குதிரையிடம் எடுபடவில்லை. 1965இல் 'பார்க்' என்ற சவாரிப் போட்டியிலும் பாஸ்க் தேசிய சாம்பியன் ஆனது. முன்னங்கால்களை உயரத் தூக்கி, தாளம் தப்பாமல், மிடுக்காகத் துள்ளுநடை போடும் போட்டி அது. இந்த இரண்டு தேசியப் பட்டங்களையும் வென்ற முதல் பொலிகுதிரை பாஸ்க்தான்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் பெரிது. 1979இல் 23 வயதில் சாகும்வரை பாஸ்க்குக்குப் பிறந்த குட்டிகள் ஆயிரத்துக்கும் மேல். அவற்றில் ஏறக்குறைய இருநூறு தேசிய அளவில் பரிசு வாங்கின. போலந்துக் குதிரை என்றாலே அமெரிக்கப் பணக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு ஏலம் கேட்டார்கள். வரி மிச்சமாகிறது என்பதற்காகவே குதிரை வாங்கியவர்களும் உண்டு. 1986இல் வரிச் சட்டம் மாறியதும் அந்தச் சந்தை சரிந்தது. பணத்துக்காக வந்தவர்கள் போய்விட்டார்கள். பாஸ்க்கின் வம்சம் இன்றும் பல நாடுகளில் இருக்கிறது.

அந்த ஆயிரம் குட்டிகளின் பதிவிலும் பாஸ்க்கின் பெயர் இருக்கும், அதற்குப் பின்னால் வித்ராஷ், ஒஃபீர், குஹைலான் ஹைஃபி. வளர்த்தவர், உடைமையாளர் பெயருக்கும் இடம் உண்டு. யான் ஜினியேவிச்சின் பெயரை எழுத அதில் கட்டம் கிடையாது. அன்றைய இரவில் அந்தக் கயிறு நழுவியிருந்தால், பதினொரு வருடம் கழித்துப் பிறந்த பாஸ்க்கும் இல்லை, அதன் ஆயிரம் குட்டிகளும் இல்லை.

என் உத்தியோக காலத்தில் எத்தனையோ பதிவுகள் எழுதியிருக்கிறேன். இரவு முழுவதும் கூட இருந்து பிரசவம் பார்த்த மருத்துவச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, இவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள் என்று ஒரு கிழவி என்னிடம் கேட்டார். கட்டம் இல்லை பாட்டி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். விதிப்படி அதுதான் சரி. ஆனாலும் குறைந்தபட்சம் அந்த மருத்துவச்சியின் பெயரைக் கேட்டாவது வைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.