சான்றைக் காத்த சூடு

நோயாளியின் உடலிலிருந்து எடுக்கப்பெறும் ஒரு துளிக் குருதி மருத்துவருக்குச் சான்று. அதனைச் சோதிக்கும் ஆய்வுக்கூடப் பணியாளருக்கோ அதுவே கூற்றாகவும் அமையலாம். சான்றை அழிக்காமல் கூற்றை மட்டும் அழிப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு மாந்தர் கண்ட விடைகளுள் எளியது, அளவறிந்து ஊட்டும் சூடு.

இவ்வினாவின் கடுமையை உலகம் உணர்ந்த ஆண்டு 1967. இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்தின் பொருட்டு உகாண்டாவிலிருந்து கொணரப்பெற்ற குரங்குகளின் குருதியையும் உறுப்புகளையும் கையாண்டோர், மேற்கு செருமனியின் மார்பர்க், பிராங்க்பர்ட் நகரங்களிலும் யூகோசுலாவியாவின் பெல்கிரேடிலும் கொடுங்காய்ச்சலில் வீழ்ந்தனர். அவர்களைப் பேணியோர் சிலரையும் நோய் பற்றிற்று. 31 பேருள் 7 பேர் மாண்டனர். அதுவரை அறியப்படாத அவ்வைரசு, மார்பர்க் நகரின் பெயரையே பெற்றது.

வைரசைச் சூட்டால் அடக்கலாம் எனில், குருதியைக் கொதிக்க வைத்தால் என்ன? கொதித்த முட்டையின் வெண்கரு இறுகுவதுபோல் குருதியின் தெளிநீராகிய சீரமும் இறுகிவிடும். பின்னர்ச் சோதிப்பதற்கு ஒன்றும் எஞ்சாது. எனவே அளவு வேண்டும். அவ்வளவைத் தந்தது, வேறொரு நோக்கத்தோடு நிகழ்ந்த பழைய ஆராய்ச்சியாகும்.

சீரத்திற்குப் பாக்டீரியாவைக் கொல்லும் ஆற்றல் உண்டென்பதும், ஏறத்தாழ 55 பாகை செல்சியசுச் சூட்டில் அவ்வாற்றல் மறையும் என்பதும் செருமானிய அறிஞர் புக்னரின் கண்டுபிடிப்புகள். 1895இல் பாரிசு நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றிய பெல்ஜிய நாட்டு அறிஞர் யூல் போர்டே, சூடேறிய சீரத்துடன் சூடேறாத புதுச் சீரத்தைச் சிறிது சேர்த்தார். மறைந்த ஆற்றல் மீண்டது! சூட்டால் அழிவது சீரத்தின் ஒரு கூறே. நோயை அடையாளங்காட்டும் எதிர்ப்பொருளோ அழியாது நிற்கிறது என்பது இதனால் விளங்கிற்று. சீரத்தை 56 பாகையில் 30 நிமிடம் வைத்தல் ஆய்வுக்கூட வழக்கமாயிற்று. கொழுப்புறை போர்த்த வைரசுகள் பலவும் இத்தகைய சூட்டில் வலுவிழப்பதைப் பின்வந்தோர் கண்டனர்.

1984இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர், லாசா, எபோலா, மார்பர்க் வைரசுகளைச் சீரத்தில் இட்டு, 60 பாகையில் ஒரு மணி நேரம் வைத்து அடக்கினர். அதன் பின்னரும் உப்புகள், யூரியா, சர்க்கரை ஆகியவற்றின் அளவுகள் பெரிதும் மாறவில்லை. நொதிகளின் அளவுகளோ நம்பத்தகாதனவாயின. சூடு ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்துக்கொண்டது.

மலேசியாவும் இப்பாடத்தைக் கற்க நேர்ந்தது. 1998, 1999ஆம் ஆண்டுகளில் பேராக்கிலும் நெகிரி செம்பிலானிலும் பன்றிப் பண்ணைகளைச் சூழ்ந்த மூளைக்காய்ச்சல் நூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. சப்பானிய மூளைக்காய்ச்சல் என முதலில் கருதப்பட்ட அந்நோயின் காரணம் புதிய வைரசு என்பதை, மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் 1999 மார்ச்சில் கண்டறிந்தார். சுங்கை நிப்பா சிற்றூரின் பெயரால் அது நிப்பா எனப்பட்டது. அதற்கான எதிர்ப்பொருள் சோதனைக்கு முன், சீரத்தைச் சலவைத்தன்மையுள்ள கரைசலில் கலந்து 56 பாகையில் 30 நிமிடம் சூடேற்றுவது, காப்பு முறைகளுள் ஒன்றாயிற்று.

2020இல் கோவிட் பெருந்தொற்றின்போதும் பல ஆய்வுக்கூடங்கள் இம்முறையை நாடின. ஆயினும் வைரசு மிகக் குறைவாக இருந்த மாதிரிகளில், சூட்டுக்குப் பின் அதன் தடயம் தென்படாமற் போகக்கூடும் எனச் சில ஆய்வுகள் எச்சரித்தன. நோயுற்றவரை நோயற்றவர் எனக் கூறிவிடுவதும் ஒரு தீங்கன்றோ?

ஆதலின் சூடு காவலன். ஆயினும் தனிக் காவலன் அல்லன். குழாயின் உள்ளிருக்கும் நீர்மம் முழுவதும் உரிய சூட்டை எட்டிய பின்னரே நேரத்தைக் கணக்கிடல் வேண்டும். கையுறையும் காப்புப் பெட்டியும் அப்போதும் வேண்டும். குறைந்தால் சோதிப்பவர் உயிருக்குக் கேடு. மிகுந்தால் நோயாளியின் சான்றுக்குக் கேடு. இவ்விரண்டின் இடையே நிற்கும் சில பாகைகளை அளந்தறிந்தமையே இவ்வரலாற்றின் பெருமையாகும்.