காண்டோ தொடக்கப் பள்ளி

காண்டோ தொடக்கப் பள்ளி மேற்கு ஆப்பிரிக்காவின் புர்க்கினா பாசோ நாட்டில், காண்டோ என்னும் சிற்றூரில் 2001இல் கட்டி முடிக்கப்பட்ட மண் கட்டடம். வடிவமைத்தவர் அவ்வூரிலேயே 1965இல் பிறந்த தியெபெதோ பிரான்சிஸ் கேரே. கட்டும்போது அவர் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மாணவர். நண்பர்களுடன் 1998இல் ஒரு சங்கம் தொடங்கி நிதி திரட்டினார்.

காண்டோவில் அப்போது பள்ளி இல்லாததால், கேரே ஏழு வயதிலேயே வீட்டைப் பிரிந்து தென்கோடோகோ நகரில் படித்தார். நூறு பிள்ளைகளுக்கு மேல் அடைந்து கிடந்த அங்கிருந்த சிமெண்ட் வகுப்பறையின் புழுக்கமே பின்னாளில் தம் வேலைக்கு வித்திட்டதாக அவர் சொல்லியிருக்கிறார்.

ஒரு பள்ளியின் கரிமத் தடத்தைக் குறைப்பது என்றதும் சூரியத் தகடு, எல்.இ.டி. விளக்கு என்றே பேச்சு போகிறது. அவை தேவைதான். ஆனால் முதல் மணி அடிக்கும் முன்பே, சுவரும் கூரையும் எழும்பும்போதே, கணிசமான கரிமம் காற்றில் கலந்துவிடுகிறது. சிமெண்ட்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது எரிபொருள் புகைவது மட்டுமல்ல, கல்லே கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறது. மனிதர் வெளியிடும் அவ்வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. காண்டோவின் சிறப்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது.

சுவர்கள் உள்ளூர் மண்ணாலானவை. மண்ணில் சிறிதளவே சிமெண்ட் கலந்து, கையால் இயக்கும் எந்திரத்தில் அழுத்திக் கட்டிகளாக்கினார்கள். சூளை வேண்டாம், விறகும் வேண்டாம். ஆரோவில்லில் இதே முறையில் எழுந்த வீடுகளைத் தமிழ்நாட்டிலும் காணலாம். தடித்த மண்சுவர் பகல் வெப்பத்தை மெதுவாகவே உள்ளே விடுகிறது.

ஆயினும் இப்பள்ளியின் உயிர்நிலை கூரை. அவ்வட்டாரத்தில் வெயில்காலத்தில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியசைத் தாண்டும். தகரத்தை நேராகச் சுவர்மேல் போட்டால் வகுப்பறை வெந்துவிடும். கேரே முதலில் மண்கட்டிகளாலேயே இடைவெளி விட்டு ஓர் உட்கூரை அமைத்தார். அதற்கு மேலே வெகு உயரத்தில், சுவரைத் தாண்டி நீளும் தகரக் கூரையை நிறுத்தினார். தகரம் காய்ந்து சூடேற, இடையிலுள்ள காற்று மேலெழுந்து வெளியேறுகிறது. அந்த இழுப்பில் சன்னல் வழியே குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது, அறையின் வெக்கை உட்கூரை இடுக்குகளில் ஏறிப் போய்விடுகிறது. மின்விசிறிகூட இல்லாமல் வகுப்பு நடத்த முடிகிறது. நீண்ட கூரை விளிம்பு மழையிலிருந்து மண்சுவரையும் காக்கிறது.

கூரையைத் தாங்கும் சட்டங்கள் கடையில் கிடைக்கும் சாதாரணக் கட்டுமான இரும்புக் கம்பிகளை அறுத்துப் பற்றவைத்தவை. பாரந்தூக்கி வர வழியில்லாத ஊரில் ஆட்களே தூக்கி ஏற்றும்படி அவை இலேசாக இருக்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் கடைக்காலுக்குக் கல் பொறுக்கினார்கள், பெண்கள் தண்ணீர் சுமந்தார்கள். மண் ஒழுகிக் கரையும் என்று தொடக்கத்தில் ஊரார் தயங்கியது இயல்பே. ஒவ்வொரு மழையிலும் பழைய மண்வீடுகள் கரைவதைக் கண்டவர்கள் அவர்கள். ஆனால் பள்ளியைக் கட்டியவர்கள் அவர்களே என்பதால் பழுது பார்க்கும் கைகளும் ஊரிலேயே இருக்கின்றன. பசுமைக் கட்டடம் என்று விருது பெறும் பலவற்றுக்கு இந்த வசதி கிடையாது.

இப்பள்ளி 2004இல் ஆகா கான் கட்டடக் கலை விருதைப் பெற்றது. ஆசிரியர் குடியிருப்பும், 2008இல் விரிவாக்கக் கட்டடமும் சேர்ந்தன. கேரே 2022இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவர். கூடுகூ நகரில் 2016இல் அவர் முடித்த ஷோர்ஜ் மேல்நிலைப் பள்ளியில் சுவர்கள் செம்புரைக்கல்லால் ஆனவை. வகுப்பறைகளைச் சுற்றி, வழக்கமாக அடுப்பெரிக்கப் போகும் யூக்கலிப்டஸ் கழிகளை நிறுத்தி நிழல்தட்டி அமைத்திருக்கிறார்.